முதல் மதிப்பெண் எனக்கு, மெடல் தோழிக்கு: வழக்குப் போடலாமா?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர் விருதுநகர் மாவட்டம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வீட்டில் இவர்தான் முதல் பட்டதாரி. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் துறையில் இந்த ஆண்டு எம்.எஸ்சி. முடித்திருக்கிறார். பெயரும் பல்கலைக்கழகமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து இவருடைய சி.ஜி.பி.ஏ. (பத்துக்குக் கணக்கிடும் மொத்தச் சராசரி) 9.12. அடுத்து நிற்கும் தோழிக்கு 8.96. ஆனால் ரேங்க் பட்டியலில் முதல் பெயர் தோழியுடையது, தங்க மெடலும் அவருக்குத்தான். இவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. இரண்டாம் செமஸ்டரில் குவாண்டம் மெக்கானிக்ஸ் தேர்வன்று இவருக்கு அம்மை போட்டிருந்தது. அந்தத் தாளைப் பிறகு எழுதி 91 வாங்கினார். ‘எல்லாத் தாளிலும் முதல் தடவையிலேயே தேறியவர்களுக்குத்தான் ரேங்க்’ என்று தேர்வுப் பிரிவில் கையை விரித்துவிட்டார்கள்.

பிப்ரவரி 28 அறிவியல் தின விழாவில் துறையின் ‘சிறந்த மாணவர்’ பரிசு, துறைத்தலைவரிடம் புராஜெக்ட் செய்த மாணவர் ஒருவருக்குப் போயிருக்கிறது. ஆகவே ரேங்க் விஷயத்திலும் துறைத்தலைவர் கை இருக்கிறது என்று இவர் நினைக்கிறார். மெடல் இல்லாவிட்டால் பிஎச்.டி. ஆய்வுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் ஃபெல்லோஷிப் போச்சு, நாளைக்கு உதவிப் பேராசிரியர் வேலைக்கும் பாதகம் என்று பயம். மாமா நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறார். சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் வந்த ‘இளம் விஞ்ஞானி விருது’ விளம்பரத்தை அனுப்பி, 4,500 ரூபாய் கட்டினால் மெடலும் சால்வையும் கிடைக்கும், அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்கிறார். நடுவே போகிற போக்கில் ஒரு வரி: ‘அணுக்கரு இயற்பியலில் 96 வாங்கி நான்தான் முதல். அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.’ பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை. ‘என்ன செய்யட்டும் சார்?’ என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

சட்டம் படிக்கப் போவதற்கு முன் நானும் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். குவாண்டம் தாளில் 47 வாங்கி உயிர் பிழைத்தவன். அம்மைத் தழும்பு ஆறுவதற்குள் மறுபடி உட்கார்ந்து 91 வாங்கியவரின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

இருந்தாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் தங்க மெடலுக்கான வழக்கு பலவீனமானது. என்னிடம் நேரில் வந்திருந்தாலும் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்திலேயே நீங்கள் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

விதியின் வாசகம் என்ன?

தேர்வுப் பிரிவு ஜன்னலில் வாயால் சொன்னதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சேர்ந்த ஆண்டின் எம்.எஸ்சி. பாடத்திட்டப் புத்தகத்தின் முன்பகுதியில் தேர்ச்சி, வகுப்பு, ரேங்க் ஆகியவற்றுக்கான விதிகள் அச்சாகியிருக்கும். எல்லோரும் சிலபஸுக்குத் தாவிவிடுவதால் அந்தப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. ரேங்க் பற்றிய பத்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ‘முதல் தடவையிலேயே, உரிய காலத்துக்குள் எல்லாத் தாள்களிலும் தேறியவர்’ என்ற பொருளில்தான் அது இருக்கும். இங்கே ‘முதல் தடவை’ என்றால் என்ன என்பதுதான் கேள்வி. நீங்கள் தோற்கவில்லை, எழுதவே இல்லை. நீங்கள் முதன்முதலாக எழுதிய தடவையிலேயே தேறிவிட்டீர்கள் என்று வாதம் செய்ய இடம் உண்டு. ஆனால் ‘வராமல் போனதும் ஒரு தடவையாகக் கணக்கிடப்படும்’ என்று அதே புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் இந்த வாதம் அங்கேயே முடிந்துவிடும். தேர்வுக் கட்டணம் கட்டி, ஹால் டிக்கெட் வாங்கி, மதிப்பெண் பட்டியலில் ஆப்சென்ட் என்று பதிவாகியிருந்தால் பல்கலைக்கழகம் அதைத்தான் முதல் தடவை என்று சொல்லும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த விதி நீங்கள் சேர்ந்தபோதே இருந்ததா, நடுவில் நுழைந்ததா? ஆட்டம் தொடங்கிய பிறகு ஆட்டத்தின் விதியை மாற்றக் கூடாது என்பதை வேலை நியமன வழக்குகளில் உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லி, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்விலும் உறுதி செய்திருக்கிறது. அது நியமனம் பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் விதி நடுவில் மாறியிருந்தால் உங்கள் மனுவுக்கு முதுகெலும்பு கிடைக்கும். மாறவில்லை என்றால் அது உங்களுக்கு உதவாது.

டாக்டர் சான்றிதழைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். அது வருகைப்பதிவு குறைந்தால் மன்னிப்புக் கேட்க உதவும். ரேங்க் விதியில் நோய்க்கு விலக்கு என்று எழுதியிருந்தாலொழிய இங்கே அதற்கு வேலை இல்லை. உங்கள் மேல் தப்பில்லை என்பது வேறு, விதி உங்கள் பக்கம் இருக்கிறது என்பது வேறு. கோர்ட் இரண்டாவதைத்தான் பார்க்கும்.

மூன்று பரிசு, மூன்று கை

துறைத்தலைவர் மேல் உங்களுக்குக் கோபம். அதில் பாதியை இறக்கி வைத்துவிடலாம். ஒரு துறையில் மாணவர் கைக்கு வரும் பரிசுகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

பல்கலைக்கழக ரேங்க்கும் அதற்கான மெடலும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகத்தில் தயாராகின்றன. அங்கே மதிப்பெண்ணும் விதியும்தான் பேசும். துறைத்தலைவர் நினைத்தாலும் உங்கள் பெயரை எடுக்க முடியாது, சேர்க்கவும் முடியாது.

இரண்டாவது வகை அறக்கட்டளைப் பரிசு. எண்டோமென்ட் என்பார்கள். யாரோ ஒரு பழைய மாணவரோ ஓய்வுபெற்ற பேராசிரியரின் குடும்பமோ ஒரு தொகையை வங்கியில் போட்டு, ‘இந்த வட்டியில் இன்னாருக்குப் பரிசு கொடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். இதில் நன்கொடையாளர் எழுதிய நிபந்தனைதான் சட்டம்.

மூன்றாவது, அறிவியல் தினத்திலோ மன்ற விழாவிலோ துறையே கொடுப்பது. இங்கேதான் துறைத்தலைவரின் கை நீளும். பல துறைகளில் இதற்கு எழுதிய விதியே கிடையாது. நான் படித்த கல்லூரியில் ‘சிறந்த ஆசிரியர்’ பரிசு ஆண்டுதோறும் சீனியாரிட்டி வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தது, யாருக்கு எந்த ஆண்டு என்று மாணவர்களே பந்தயம் கட்டுவோம். சோடியம் விளக்கை மாற்றி, ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்து, எங்கள் எல்லோரையும் பிராக்டிகலில் கரையேற்றிய லேப் உதவியாளருக்கு ஒரு சால்வைகூட வந்ததில்லை. அவர் ஓய்வுபெற்ற அன்று மாணவர்கள் காசு போட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். சரி, உங்கள் கதைக்கு வருகிறேன்.

‘சிறந்த மாணவர்’ பரிசில் பாரபட்சம் என்று நீங்கள் நினைத்தால், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தார்கள், யார் குழுவில் இருந்தார்கள் என்று கேட்க உரிமை உண்டு. ஆனால் தன்னிடம் புராஜெக்ட் செய்த மாணவருக்குக் கிடைத்தது என்பது மட்டுமே பாரபட்சத்துக்கு ஆதாரம் ஆகாது. அந்த மாணவர் நல்ல புராஜெக்ட் செய்திருக்கலாம். இதையும் ரேங்க்கையும் ஒரே மனுவில் கலந்தால், ரேங்க் பற்றிய நியாயமான கேள்வியும் பொறாமையாகத் தெரியும். தனித்தனியாக வையுங்கள்.

அந்த அறிவியல் தின மேடையில் உங்கள் பக்கத்து ஊர்க்காரர் பெயரை யாராவது சொன்னார்களா? வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928இல், இன்று ராமன் விளைவு என்று சொல்கிற புதிய ஒளிச்சிதறலைப் பற்றி நேச்சர் இதழுக்கு எழுதிய முதல் குறிப்பில் ராமன் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. 1930இல் நோபல் ராமனுக்கு மட்டும் வந்தது. 1958இல் அறிவியலுக்கான பட்நாகர் விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது அதைப் பெற்றவர் கிருஷ்ணன். விழா நடக்கும் தேதிக்கே காரணமான இருவரில் ஒருவரை விழாவில் மறந்துவிடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

நீங்கள் தாண்டிப்போன 96

இதுதான் நான் முதலில் சொன்ன வழி. அறக்கட்டளைப் பரிசுகளில் பல, மொத்த மதிப்பெண்ணுக்கு இல்லை. ‘அணுக்கரு இயற்பியல் தாளில் முதலாவதாக வருபவருக்கு’, ‘மின்னணுவியலில் முதல் மாணவிக்கு’ என்று ஒரு தாளோடு கட்டிப்போட்டிருப்பார்கள். பணம் போட்டவர் அந்தப் பாடத்தை முப்பது வருடம் நடத்தியவராக இருப்பார். நீங்கள் தவறவிட்டது இரண்டாம் செமஸ்டர் குவாண்டம் தாள். அணுக்கரு இயற்பியலை முதல் தடவையிலேயே எழுதி 96 வாங்கியிருந்தால், அந்தத் தாளுக்கு ஒரு பரிசு இருந்து, நன்கொடைப் பத்திரத்தில் வேறு நிபந்தனையும் இல்லை என்றால், அது உங்களுக்கு உரியது. அம்மை அதைத் தொடவே இல்லை.

இந்தப் பரிசுகள் ஏன் கண்ணில் படுவதில்லை? பல வருடத்துக்கு முன் பத்தாயிரம் ரூபாய் போட்டிருப்பார்கள். ஏழு சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 700 ரூபாய். ஒரு கேடயம் வாங்கக்கூடக் காணாது என்று அலுவலகம் சும்மா விட்டுவிடும். ஃபைல் ஒரு பிரிவில், டெபாசிட் ரசீது இன்னொரு பிரிவில் கிடக்கும். யாராவது கேட்டால்தான் தூசி தட்டுவார்கள். தொகை 700தான் என்றாலும் பட்டமளிப்பு விழா புத்தகத்தில் உங்கள் பெயரும் தாளின் பெயரும் அச்சாகும். ‘கண்டுகொள்ளவில்லை’ என்று எழுதினீர்களே, கண்டுகொள்ள வைக்கும் வழி இதுதான். மொத்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்பதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘எனக்கு ஏன் மெடல் தரவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. ஆவண நகல்களாகக் கேளுங்கள்: உங்கள் சேர்க்கை ஆண்டுக்கான ரேங்க் விதியும் அதில் செய்த திருத்தங்களும், இயற்பியல் துறையின் எல்லா அறக்கட்டளைப் பரிசுகளின் பட்டியலும் பத்திரங்களும், கடந்த ஐந்து ஆண்டுகளில் அவற்றைப் பெற்றவர்கள் விவரம், அறிவியல் தினப் பரிசுக்கான தேர்வுக்குழு ஆணையும் நடவடிக்கைக் குறிப்பும். விடைத்தாள் நகல் வேண்டியதில்லை. மதிப்பெண்ணில் உங்களுக்குச் சண்டை இல்லையே.

கோர்ட்டுக்குப் போனால்

மாமாவிடம் சொல்லிவிடுங்கள், நுகர்வோர் நீதிமன்றம் இதற்கு இல்லை. தேர்வு நடத்துவது விற்பனைச் சேவை ஆகாது, தேர்வு எழுதுகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2009இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மனுவுக்கு வழக்கு எண் கொடுக்கும் முன்பே திரும்பி வரலாம், அல்லது இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடி ஆகலாம். இரண்டாவது இன்னும் மோசம்.

சரியான இடம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் ரிட் மனு, அதாவது அரசு அமைப்புக்கு உத்தரவிடச் சொல்லிக் கேட்கும் மனு. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் மனு நிற்கும். ஆனால் கல்வி விஷயங்களில் பல்கலைக்கழகம் வகுத்த விதியை நீதிமன்றம் எளிதில் தொடாது. விதியை மீறினார்கள், அல்லது ஒரே நிலையில் உள்ள இருவரை வேறு வேறாக நடத்தினார்கள் என்று காட்ட வேண்டும். உதாரணமாக, மூன்று வருடத்துக்கு முன் இதேபோல் தேர்வுக்கு வராத ஒருவருக்கு ரேங்க் கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கும். ‘விதியே கடுமையாக இருக்கிறது’ என்று சொன்னால் மட்டும் போதாது.

நீங்கள் யோசித்தே இருக்காத ஒன்றும் உண்டு. அந்த வழக்கில் உங்கள் தோழி எதிர்மனுதாரர். அவரைச் சேர்க்காமல் அவர் மெடலைப் பறிக்கச் சொல்ல முடியாது. நீதிமன்ற நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகும், அவர் அப்பா வக்கீல் பார்ப்பார். உங்கள் கடிதத்தில் அவர்தான் அம்மைக் காலத்தில் குறிப்பெடுத்துக் கொடுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உரிமையை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பலமான வழக்காக இருந்தால் போடத்தான் வேண்டும். பலவீனமான வழக்குக்கு இந்த விலை கொடுக்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோர்ட்டுக்கு முன் ஒரு படி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறையின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். 15 வேலை நாளில் அது பரிந்துரை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் 15 நாளுக்குள் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளில் தீர்க்க முயல வேண்டும். தாமதிக்காதீர்கள் அம்மா. பட்டம் கைக்கு வந்துவிட்டால் ‘நீங்கள் இப்போது எங்கள் மாணவரே இல்லையே’ என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். விழா மேடையில் மெடல் கொடுத்த பிறகு அதைத் திரும்பக் கேட்கும் மனுவுக்கும் உயிர் குறைவு.

வேலையும் ஃபெல்லோஷிப்பும்

இன்ஸ்பயர் பற்றிய உங்கள் பயம் முழுவதும் பொய்யில்லை. முதுகலையில் பல்கலைக்கழக முதல் ரேங்க் என்பதுதான் அதன் முக்கிய வாசல். ஆனால் பி.எஸ்சி. படிக்கும்போது இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்கியிருந்தால், எம்.எஸ்சி.யில் 70 சதவீதத்தோடு ரேங்க் இல்லாமலும் நுழைய வழி வைத்திருந்தார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் படித்துப் பாருங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், 2023 முதல் அதுதான் தொகை. அங்கே யாரும் ரேங்க் கேட்பதில்லை. தரமணி கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் ஆய்வுப் படிப்பில் சேர ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. குவாண்டமில் 91 வாங்கியவருக்கு அது தூரம் இல்லை.

உதவிப் பேராசிரியர் விஷயத்தில் நீங்கள் நினைப்பது தவறு. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் நேர்காணலுக்கு அழைக்கக் கணக்கிடும் பட்டியலில் முதுகலையில் 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 25 மதிப்பெண். மெடல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 25தான். விருது என்ற தலைப்பில், பன்னாட்டு அமைப்போ இந்திய அரசோ அரசு ஏற்ற தேசிய அமைப்போ கொடுத்திருந்தால் 3, மாநில அரசு கொடுத்திருந்தால் 2. துறை விழாப் பரிசுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இதிலேயே சித்தப்பா மகனின் 4,500 ரூபாய் மெடலுக்கும் பதில் இருக்கிறது. பணம் கட்டினால் வரும் ‘இளம் விஞ்ஞானி’, ‘சிறந்த ஆராய்ச்சியாளர்’ விருதுகள் வருடாவருடம் பெருகுகின்றன. ஆசிரியர்களே வரிசையில் நின்று வாங்கிப் பேராசிரியர் அறைச் சுவரில் மாட்டுகிறார்கள். விண்ணப்பத்தோடு ‘பதிவுக் கட்டணம்’ கேட்பதும், விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைப்பதும், நடுவர்கள் யார் என்று எங்கும் எழுதாததும் அதன் அடையாளங்கள். பயோடேட்டாவில் அதைச் சேர்த்தால் நேர்காணலில் இருப்பவர்கள் உங்கள் 9.12ஐயும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அந்தப் பணத்தில் நெட் தேர்வுக்குக் கட்டணம் கட்டி, இரண்டு நல்ல புத்தகமும் வாங்கலாம்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். மதிப்பெண் பட்டியலை அவர் கையில் கொடுத்து 9.12ஐக் காட்டுங்கள், அடுத்து 96ஐக் காட்டுங்கள். ஊரில் யாராவது மெடல் எங்கே என்று கேட்டால், அம்மை போட்ட கதையை அவரே சொல்லிக்கொள்வார். தறி ஓட்டுகிறவருக்கு நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டு. தகவல் அறியும் மனுவை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். ரேங்க் விதிக்கு விளக்கம் கேட்டும், அணுக்கரு இயற்பியல் தாளுக்கான அறக்கட்டளைப் பரிசு இருந்தால் உங்கள் பெயரைப் பரிசீலிக்கக் கேட்டும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு பக்கத்துக்குள் மனு எழுதி, துறைத்தலைவர் வழியாகவே கொடுங்கள். அவரைத் தாண்டிப் போகாமல் அவர் மேசை வழியாகப் போனால் ஒருவேளை அவரே சிபாரிசு எழுதலாம், நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு ‘பெற்றுக்கொண்டேன்’ முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.